கச்சேரிப் பழக்கத்தோடு ரெக்கார்டிங் அறைக்குள் போகாதீர்கள்: இளம் வாத்தியக் கலைஞர்கள் செய்யும் தவறுகள்

சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோ, காலை 7 மணி கால்ஷீட். எனக்கு அப்போது வயது 22. புல்லாங்குழலில் பத்து வருடப் பாடம், ஏழெட்டு சபாக் கச்சேரி, அந்தத் தைரியம். சரியாக 7 மணிக்கு வாசலில் நின்றேன். ஏசி அறைக்குள் போய்ப் பையைத் திறந்து குழலை உதட்டில் வைத்ததும் டேக். வாசித்து முடித்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசும் டாக்பேக்கில் என்ஜினியரின் குரல் வந்தது: "தம்பி, சுருதி கம்மியா இருக்கு." மறுபடி வாசித்தேன். இன்னும் கொஞ்சம் கம்மி என்றார். நாலாவது டேக்கில்தான் சேர்ந்தது. ஆனால் முதல் மூன்று டேக்கில் அழகாக விழுந்த இடங்களில் ஒன்றுகூட நாலாவதோடு ஒட்டவில்லை.

இடைவேளையில் ஒரு மூத்த வயலின்காரர் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குழல் குளிர்ந்து போயிருக்கு தம்பி. அடுத்த வாட்டி அரை மணி முன்னாடி வந்து, ஊதிச் சூடு பண்ணி வெச்சுக்க" என்றார். குருகுலத்தில் யாரும் சொல்லித் தராத பாடம் அது.

காற்று குளிர்ந்தால் அதில் ஒலி மெதுவாகப் போகும். வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். ஒரு செமிடோன் என்பது 100 சென்ட். 32 டிகிரி வெயிலிலிருந்து 22 டிகிரி அறைக்குள் நுழைந்தால் கணக்குப்படி 30 சென்ட் வரை போய்விடும். பிறகு நம் மூச்சுச் சூட்டில் மெல்ல மெல்ல மேலே வரும். ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு சுருதியில் நின்றது அதனால்தான். கம்பி வாத்தியத்துக்கு நேர் எதிர்: குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறும். ஏசியின் உலர்ந்த காற்றில் மிருதங்கத்தின் தோலும் இறுகும். எந்த வாத்தியமானாலும் உறையைவிட்டு வெளியே எடுத்து, வாசிக்கப் போகிற அறையிலேயே அரை மணி நேரமாவது இருக்கட்டும். 7 மணி கால்ஷீட் என்றால் 7 மணிக்கு முதல் டேக்குக்குத் தயாராக இருப்பது என்று பொருள்.

அன்று தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. வாய்ப்பு கிடைத்தும் நிலைக்காமல் போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் வித்தை குறைந்தவர்கள் மிகச் சிலர். மேடைக்குரிய பழக்கத்தை மைக்குக்கு முன்னாலும் அப்படியே கொண்டுவந்தவர்கள்தான் அதிகம்.

முதல் பழக்கம், இருக்கிற சரக்கையெல்லாம் கொட்டிக் காட்டுவது. கச்சேரியில் ராகத்தை விரிக்க அரை மணி நேரம் கிடைக்கும். சினிமாப் பாட்டில் நமக்குக் கிடைப்பது நாலு பார், அதாவது நாலு தாளக் கட்டம், பத்து விநாடி. அதற்குள் மூன்று பிருகா, ஒரு அதிவேக சங்கதி என்று அடைத்தால் பாடகர் தொடங்கும் இடத்தை மூடிவிடுவோம். இதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு டேக்கிலும் புதிதாக வாசிப்பது. மேடையில் அது மனோதர்மம், கைதட்டல் வாங்கித் தரும். இங்கே என்ஜினியர் இரண்டாவது டேக்கின் முதல் பாதியையும் ஐந்தாவது டேக்கின் பின்பாதியையும் சேர்க்க நினைத்தால் முடியாது. அதே பகுதியை இன்னொரு முறை வாசித்து டபுள் பண்ணச் சொன்னாலும் முடியாது. இசையமைப்பாளர் 'உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு வாசிங்க' என்று கேட்டால் தாராளமாக வாசியுங்கள். கேட்காதபோது வாசித்ததையே, மூச்செடுக்கும் இடம் உட்பட, திரும்ப வாசிக்கத் தெரிய வேண்டும்.

கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதும், அப்படித்தான். கரகரப்பிரியா காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் நம் காதுக்கு உயிரில்லாமல் இருக்கும். ஆனால் பின்னால் ஸ்ட்ரிங்ஸ் செக்‌ஷன் சி மைனர் கார்டை நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்க, சி-யே ஸட்ஜமாக இருக்கும் பாட்டில் அந்தக் கார்டின் நடு ஸ்வரமான அதே காந்தாரத்தை நாம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆட்டினால் இரண்டும் உரசும். 'கொஞ்சம் ப்ளெயினா வாசிங்க' என்று சொல்வது இதற்காகத்தான். அதை ராகத்துக்குச் செய்யும் அவமரியாதையாக நினைத்து முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஆரம்பத்தில் வாடியிருக்கிறேன். பின்னால் ஓடும் கார்டைக் காது கொடுத்துக் கேட்கப் பழகியதும் எந்த ஸ்வரத்தை அசைக்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

படிக்கத் தெரியாமல் போவது

'காதால் கேட்டு வாசித்துவிடுவேன், நொட்டேஷன் எதற்கு?' என்ற கேள்வியை இன்னும் கேட்கிறேன். காது முக்கியம்தான். ஆனால் முப்பது பேர் முன்னால் ஸ்கோர் வைத்து உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவருக்கு மட்டும் பாடிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. இளையராஜா 1976இல் இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் கிடாரிஸ்டாகவும் உதவியாளராகவும் இருந்தவர். அதே காலத்தில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். ஏ.ஆர். ரஹ்மானும் சிறுவயதிலேயே பலருக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டுதான் வளர்ந்தார். ரெக்கார்டிங் அறை அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த பள்ளிக்கூடம்.

நமக்குத் தேவை குறைந்தபட்சம் இரண்டு மொழி. 'ஐந்து கட்டை' சுருதி என்றால் ஜி, 'இரண்டு கட்டை' என்றால் டி என்று யோசிக்காமல் வர வேண்டும். எதிரே வைத்திருக்கும் தாளில் ஸ்டாஃப் நொட்டேஷன் இருந்தால், கை தடுமாறினாலும் எந்த பாரில் இருக்கிறோம் என்பதாவது தெரிய வேண்டும். தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் இது வரும். என்னிடம் கற்கும் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

கிளிக், ஹெட்ஃபோன், சத்தம்

கச்சேரியில் காலப்பிரமாணம் மெல்ல ஏறும். மிருதங்கக்காரரும் நம்மோடு ஏறுவார், யாருக்கும் உறுத்தாது. ஹெட்ஃபோனில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் ஏறாது. கிளிக்கைத் துரத்துகிறவர்கள் ஒரு நூலிழை பின்தங்குவார்கள். பயப்படுகிறவர்கள் முந்துவார்கள். இதற்குப் பாதிக் காரணம் ஹெட்ஃபோனில் என்ன கேட்கிறது என்பது. கிளிக் அதிகம், நம் வாத்தியம் குறைவு என்றால் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒன்பது டேக் வாங்குவதுதான் தொந்தரவு. 'அண்ணே, கிளிக் கொஞ்சம் கம்மி, வாய்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி' என்றால் பத்து விநாடியில் முடிந்துவிடும். ஒரு காதை வெளியே விட்டு வாசிக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து ஹெட்ஃபோனைக் கன்னத்தோடு ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் கிளிக் மைக்கில் கசிந்து, மெதுவான பகுதியில் 'டிக் டிக்' என்று கேட்கும். மிக்ஸிங்கில் அதை எடுக்க யாராலும் எளிதில் முடியாது. சத்தத்தை உயர்த்தி வைத்தே பழகவும் வேண்டாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழில் பாதுகாப்புக்கான ஒரு வரம்பு. அதிலிருந்து 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது.

மண்டபத்தில் கேட்காததெல்லாம் மைக்கில் கேட்கும். கண்ணாடி வளையல், கைக்கடிகாரம், பட்டுப் பாவாடையின் சரசரப்பு, தாளைப் புரட்டுவது, நாற்காலியின் முனகல், மூக்கால் மூச்சிழுப்பது. கடைசி ஸ்வரத்தை விட்டதும் பெருமூச்சு விடுவதும், குழலைக் கீழே வைப்பதும், 'சார், ஓகேவா?' என்று கேட்பதும் எல்லோரும் செய்கிற தவறு. அந்த ஸ்வரத்தின் வால் அறையில் கரைய இரண்டு மூன்று விநாடி ஆகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயரும்வரை சிலையாக இருங்கள்.

பேசக் கூச்சப்படும் விஷயம்

சம்பளம். இதில் நம் பிள்ளைகள் ஏமாறுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். நான் ஒருமுறை பின்னணி இசைக்கு இரண்டு நாள் வாசித்தேன். தொகை பேசவில்லை. அழைத்தவர் 'பார்த்துக்கலாம்' என்றார். எட்டு மாதம் கழித்து, ஒரு கால்ஷீட்டுக்கு உரிய தொகைதான் வந்தது. யாரிடமும் கேட்க முடியவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்கா, ஒரு கால்ஷீட்டுக்கா, நேரம் கடந்தால் என்ன, எப்போது வரும், எந்தக் கணக்குக்கு வரும் என்பதையெல்லாம் போவதற்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். தேதி, இடம், பாட்டு, வாசித்த வாத்தியம், பேசிய தொகை, வந்த தொகை என்று ஒரு நோட்டுப் போடுங்கள். சென்னையில் திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் உருவாக எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் பாடுபட்டார்கள். உறுப்பினராவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டைட்டிலில் பெயர் போடுவதை வெறும் மரியாதையாக நினைக்கிறோம். சட்டத்திலும் அதற்கு எடை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. நம் வாசிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டால் பிறகு தடுக்க முடியாது. ஆனாலும் அது வணிகரீதியாகப் பயன்படும்போது ராயல்டிக்கு உரிமை உண்டு என்கிறது 38ஏ பிரிவு. அதே சட்டம், நிகழ்த்துநர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு நிபந்தனை வைக்கிறது. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, துறை வழக்கப்படி எங்கும் பெயர் குறிப்பிடப்படாமலும் இருந்தால், தன் நிகழ்த்தலைச் சிதைப்பதற்கு எதிரான உரிமையைத் தவிர வேறு எதற்கும் அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். ஆகவே ஆடியோ வெளியாகும்போது பெயர்ப் பட்டியல் தயாரிப்பது யார் என்று விசாரித்து, உங்கள் பெயரைச் சரியான எழுத்தில் அனுப்புங்கள். ஐ.பி.ஆர்.எஸ். என்பது இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர்களுக்கானது. வாசித்தவருக்கு அங்கிருந்து பணம் வராது. பாடகர்களுக்காக 2013இல் தொடங்கிய அமைப்பு இப்போது வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதில் பதிவு செய்வது பற்றி மூத்தவர்களிடம் கேளுங்கள்.

வீட்டிலிருந்து அனுப்பும்போது

இப்போது பாதி வேலை வீட்டறையில்தான். பிழைகளும் அங்கேதான் அதிகம். எம்பி3 அனுப்புகிறார்கள். வேவ் ஃபைல்தான் வேண்டும், 24 பிட், அவர்கள் சொன்ன சாம்பிள் ரேட். படம் என்றால் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ். 44.1இல் பதிந்ததை 48 என்று எண்ணி ஓட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறி, வேகமும் கூடிவிடும். 38ஆவது பாரில்தான் நம் வாசிப்பு என்றாலும் ஃபைல் பாட்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். அப்போதுதான் அவர்கள் இழுத்துப் போட்டதும் சரியான இடத்தில் உட்காரும். அழகாக இருக்கிறதென்று ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்து அனுப்பாதீர்கள், அதைப் பிறகு கழற்ற முடியாது. சேர்த்துக் காட்ட ஆசையிருந்தால் தனி ஃபைலாகக் கூடவே அனுப்புங்கள்.

வாசிப்பது கிளிக்கோடு ஒட்டவில்லையென்றால் உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் அதில் மட்டுமே 21 மில்லிவிநாடி தாமதம், 128 என்றால் 3க்கும் குறைவு. மின்விசிறி, தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் சென்னையில் உண்டு. நான் இரவு 11 மணிக்குமேல்தான் பதிவேன். பீரோவைத் திறந்து, தொங்கும் துணிகளை முதுகுக்குப் பின்னால் விட்டு உட்காருவேன். எதிரொலி நன்றாகவே அடங்குகிறது.

ஒரே இசையமைப்பாளரை நம்பி, மேடையையும் மாணவர்களையும் விட்டுவிடுவது இன்னொரு தவறு. ஒருகாலத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த வேலை, தனித்தனி ட்ராக்காகவும் கீபோர்டு ப்ரோக்ராமிங்காகவும் மாறியபோது பெரிய ஸ்ட்ரிங்ஸ் செக்‌ஷன்கள் சுருங்கின. இன்று புடாபெஸ்டிலும் மாசிடோனியாவிலும் வாசிக்கவைத்து வாங்குகிறார்கள். இளையராஜாவின் பதிவுகளில் பல ஆண்டுகள் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று தனக்கென்று ஒரு பாதையையும் வைத்திருந்தார்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். எட்டு பார் கொண்ட ஒரு மெட்டை எடுத்து, கிளிக்கை 60இல் வைத்து, பத்து முறை தனித்தனி ட்ராக்கில் பதியுங்கள். பிறகு மூன்றாவதையும் ஒன்பதாவதையும் மட்டும் ஒன்றாக ஓட்டிக் கேளுங்கள். எங்கே ஒரு குழல் இரண்டு குழலாகப் பிரிந்து கேட்கிறதோ, அந்த இடத்தைத் தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள். மறுநாள் சாதகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.