டி மேஜர் கார்டு பிடிக்கிறது எப்படி (மெல்லிசு கம்பிய மறக்காதீங்க)

யங்கோன்ல (பழைய ரங்கூன்) ராத்திரி கரண்டு போனா தெருமுனைல எவனாவது கிட்டாரோட உக்காந்துருவான், சுத்தி நாலு பேர் பாடுவாங்க, நானும் அப்படித்தான் பக்கத்து வீட்டு பர்மாக்கார அண்ணன் கையப் பாத்தே கத்துக்கிட்டேன். புதுசா வர்றவங்களுக்கு நான் டி மேஜர் கார்டுதான் (கார்டுன்னா சில சுரங்கள ஒண்ணா சேத்து அடிக்கிறது) மொதல்ல சொல்லுவேன், மூணு விரலும் ஒரு சின்ன முக்கோணத்துல அடங்கிரும்.

மொதல்ல டியூன் பண்ணுங்க. தடிச்ச கம்பிலருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. ஃபோன்ல டியூனர் ஆப் போதும்.

கம்பிய கீழருந்து எண்ணணும், மெல்லிசுதான் 1. ஃபிரெட்டுன்னா கிட்டார் கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை, அத தலைப் பக்கத்துலருந்து எண்ணணும். ஆள்காட்டி விரல் 3வது கம்பில 2வது ஃபிரெட், மோதிர விரல் 2வது கம்பில 3வது ஃபிரெட், கடைசியா நடு விரல் 1வது கம்பில 2வது ஃபிரெட். 4வது கம்பி சும்மா திறந்தே இருக்கட்டும். விரல ஃபிரெட் பட்டை மேலயே வைக்காதீங்க, அதுக்கு ஒட்டுனாப்ல பின்னாடி, தலைப் பக்கமா வைங்க, அப்பதான் கொஞ்சமா அழுத்துனாலே சத்தம் சுத்தமா வரும், தள்ளி வச்சா எவ்வளவு அழுத்துனாலும் கிர்ருன்னுதான் கேக்கும்.

இப்ப அடிச்சுராதீங்க. 4, 3, 2, 1ன்னு ஒவ்வொரு கம்பியா தட்டிப் பாருங்க. முக்காவாசிப் பேருக்கு அந்த 1வது கம்பிதான் செத்துப்போய் டொக்குங்கும். நடு விரல திட்டாதீங்க, குத்தவாளி மோதிர விரல், அது சாஞ்சு கீழ் கம்பிய தொட்டுக்கிட்டு இருக்கும். நகத்த ஒட்ட வெட்டிட்டு, கட்டைவிரல கிட்டார் கழுத்துக்குப் பின்னாடி கொஞ்சம் எறக்கி, மணிக்கட்ட முன்னாடி தள்ளுனா விரல் நிமிந்து நுனில நிக்கும்.

அந்த ஒரு கம்பிக்கு ஏன் இவ்வளவு பாடுன்னா, கோயில் பஜனைல ஆர்மோனியம் வாசிக்கிறவங்களுக்கு சட்டுன்னு புரியும். டி-ய ச-ன்னு வச்சுக்கிட்டா நாலு கம்பியும் ச, ப, ச, க. அந்த க இல்லேன்னா மேஜரும் இல்ல மைனரும் இல்ல, வெறும் சுருதிப்பெட்டிதான். நடு விரல எடுத்துட்டு அடிங்க, க போயி ரி வந்து பாட்டு அந்தரத்துல நிக்கும். அதே கம்பிய 1வது ஃபிரெட்ல பிடிச்சா டி மைனர், உடனே சோகமாயிரும். இத ரெண்டு தடவ செஞ்சு பாத்தா காது தானா பழகிரும்.

நாலும் பேசுனதுக்கு அப்புறம் 4வது கம்பிலருந்து கீழ அடிங்க. 5வது பட்டா பரவால்ல, அது ஏ, கார்டுல உள்ள சுரம்தான். 6வது மட்டும் வேணாம், கொழகொழன்னு ஆயிரும். அப்புறம் கைய முழுசா எடுத்துட்டு திரும்ப வைங்க, தெனம் அஞ்சு நிமிஷம், மூணு விரலும் ஒண்ணா எறங்குற வரைக்கும்.

மொத வாரம் விரல் நுனி எரியும், எரிஞ்சா விட்டுட்டு நாளைக்கு வாசிங்க. நம்ம ஊர் மழைக்காலத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பி விரல இன்னும் அறுக்கும், அதனால வாசிச்சு முடிச்சதும் பழைய லோஞ்சித் (பர்மா லுங்கி) துணியால தொடச்சு வைங்க.