மகிழ்ச்சியை அளக்கும் இயந்திரமும் மேடையும்: பல்லூடக நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பம் எல்லோரையும் மகிழ்ச்சியாகவே வைத்திருக்கும் ஒரு கொடுங்கனவு உலகத்தை, மேடை நடிப்போடு திரைக் காணொளியும் சேரும் பல்லூடக நாடகமாக்க முனைவோர் பலரும், முதல் காட்சியிலேயே அதைச் சாம்பல் நிறமாகவும் இருளாகவும் காட்டிவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி தமக்கும் கிடைக்காதா என்ற ஏக்கம் பார்வையாளரிடம் முதலில் பிறக்க வேண்டும். அது பிறக்காவிட்டால் அதற்காகக் கொடுத்த விலை பின்னர் உறைக்காது.

இதைவிடப் பெரிய தவறு, திரையை நடிகருக்குப் போட்டியாக நிறுத்துவது. அசைவும் ஒளியும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் கண் போகும். "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று ஒரு பெண் மகிழ்ச்சியை அளக்கும் இயந்திரத்திடம் சொல்லும்போது பின்னால் வரைபடங்கள் ஓடிக்கொண்டிருந்தால், அவளுடைய கீழுதடு நடுங்குவதை யாரும் கவனிக்கப் போவதில்லை. அவ்விடத்தில் திரையை வெறுமையாக்கி, இயந்திரம் அவளுக்குத் தரும் மகிழ்ச்சி மதிப்பெண்ணை மட்டும் விட்டுவையுங்கள். அவள் கண்ணீரைத் துடைத்ததும் 92 என்பது 93 ஆக மாறட்டும். அந்த ஓர் இலக்கத்தில் இருக்கும் கொடுமையை எந்த அசைவூட்டப் படமும் தந்துவிடாது என்றே நம்புகிறேன்.

1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியக் கலைஞர்கள் 'லாதெர்னா மாகிகா' என்ற பெயரில் திரைப்படத்தையும் மேடை நடிப்பையும் இணைத்தபோது, படச்சுருளின் வேகத்துக்கு நடிகர்களே இசைந்துபோக வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் பதினைந்து நிமிடக் காணொளியை ஒரே துண்டாக ஓடவிட்டு, நடிகரை அதன்பின் ஓடவைக்கிறார்கள். காணொளியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வசனத்தைக் கேட்டு இயக்குபவர் அடுத்த துண்டைத் தொடங்கும்படி அமைப்பதே சரி.

நடிகரை அப்போதைக்கப்போதே படம்பிடித்துத் திரையில் காட்டும் நேரடிக் கேமராவில் தாமதம் தவிர்க்க முடியாதது. நொடிக்கு 25 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) என்றால் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. கேமரா, படங்களைக் கலந்து அனுப்பும் கலப்பி, புரொஜெக்டர் என மூன்றும் ஆளுக்கொரு சட்டகம் பிந்தினாலே 120 மில்லிநொடி போய்விடும், உதடும் குரலும் பிரிந்து தெரியும். ஆகவே பேசும் வாயைக் காட்டாமல் கைகளையோ பிடரியையோ கண்களையோ காட்டுங்கள். முன்விளக்கு திரையில் சிந்திப் படத்தை வெளிறச் செய்யும் என்பதால், நடிகரைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்திப் பக்க விளக்குகளால் ஒளியூட்டுவது நல்லது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும்; அதைத் தவிர்ப்பதே முறை.

இயந்திரம் நின்றுபோகும் காட்சிக்கு வெறும் கறுப்புப் படத்தை நம்பாதீர்கள். புரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் மங்கிய சாம்பல் ஒளி. இருண்ட அரங்கில் திரையின் நீள்சதுரம் அப்படியே தெரியும். புரொஜெக்டரின் வில்லையை (லென்ஸை) மறைக்கும் மூடியைப் பொருத்தி, ஒத்திகையிலேயே அரங்கை முழுதும் இருட்டாக்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.