பிக்கப் வாங்கும் முன் முன்பக்கச் சஸ்பென்ஷனைப் பார்ப்பது எப்படி? மலையில் லோடு இறக்குபவர்களுக்கு

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், கட்டபெட்டில் தெரிந்த தம்பி ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். எஞ்சின், பாடி, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் விசாரித்திருந்தார். பின்னால் எத்தனை பட்டை (பாரத்தைத் தாங்கி வளைந்து கொடுக்கும் இரும்புத் தகடு) இருக்கிறது என்றுகூட எண்ணி வைத்திருந்தார். முன்னால் என்ன சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்குகிற அமைப்பு எது, என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்குப் போனில் சொன்னதைத்தான், வண்டிக்கு அடியில் இதுவரை குனிந்து பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சமவெளியில் பின்பக்கப் பட்டையைப் பார்த்து வண்டி வாங்குவார்கள். அங்கே அது சரி. நம் ஊரில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் கீழே இறங்குகின்றன. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஏறும்போது பெரும்பாலும் காலி வண்டி, இறங்கும்போது முழு லோடு, அதுவும் வளைவுக்கு வளைவு பிரேக். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். எவ்வளவு என்று பார்ப்போம். லோடோடு மொத்த எடை 2,500 கிலோ, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 0.9 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 0.3 ஜி (புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு) அளவுக்கு, அதாவது கொஞ்சம் அழுத்தமாக, பிரேக் பிடித்தால் 2,500 × 0.3 × 0.9 ÷ 3 = 225 கிலோ. நான்கு மூட்டைக்கு மேல் எடை, ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னாலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. சரிவு தருகிற பங்கு இதற்கு மேல். நம் மலையில் முன்பக்கமும் சுமை தூக்குகிற பக்கம்தான், அதனால் வண்டியை முன்னாலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

தேவையான பொருட்கள்: நல்ல டார்ச், சக்கரத்துக்கு வைக்க இரண்டு பெரிய கல், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் அல்லது கனமான மரக்கட்டை, ஒரு கடப்பாரை, ஒரு கயிறு, படுக்க ஒரு சாக்கு. கூட ஒரு ஆள்.

படி 1: குனிந்து பாருங்கள்

சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே இரும்புத் தண்டு ஓடி, அதன் இரண்டு பக்கமும் பட்டை உட்கார்ந்திருந்தால் அது ரிஜிட் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். காவடித் தண்டு மாதிரிதான். ஒரு முனை ஏறினால் மறுமுனையும் சாயும். டாடா ஏஸ் இந்த வகை. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் பெரிய மாடல்களிலும் முன்னால் பட்டைதான்.

தண்டு இல்லாமல், சக்கரத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கவட்டை வடிவில் இரண்டு கைகள் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து நீண்டு வந்தால் அது டபுள் விஷ்போன். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் காயில் (சுருள்) ஸ்பிரிங்கோடு இந்த அமைப்பு இருக்கிறது. சில பழைய பிக்கப்களில் காயிலுக்குப் பதில் சேசிஸை ஒட்டி நீளவாக்கில் ஒரு கம்பி போகும். அந்தக் கம்பி முறுக்கிக்கொள்வதுதான் அங்கே ஸ்பிரிங் வேலை. டார்ஷன் பார் என்பார்கள்.

கீழே மட்டும் ஒரு கை, மேலே காயிலும், குலுக்கலை அடக்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து தூண் மாதிரி நிமிர்ந்து நின்றால் அது மெக்பர்சன் ஸ்ட்ரட். மாருதியின் சூப்பர் கேரியில் இதைப் பார்க்கலாம்.

பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள். பொலிரோ என்ற பெயரில் ஓடும் பயணிகள் வண்டியில் முன்னால் காயில், பெரிய பிக்கப்பில் பட்டை. எந்த வண்டியானாலும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

படி 2: எது எப்படித் தேய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எது ஸ்ட்ராங்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு. தேயும்போது எனக்கு முன்கூட்டியே சொல்லுமா, சொல்லாமல் கைவிடுமா?

பட்டையும் தண்டும் சொல்லிவிட்டுத் தேய்கிற ரகம். அசையும் மூட்டுகள் குறைவு: சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின், பட்டைக் கண்ணில் (நுனியில் சுருண்ட வளையத்தில்) இருக்கும் உறையான புஷ், பட்டையின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைத்து ஆடும் சாக்கிள், அவ்வளவுதான். ஒரு பட்டை விரிசல் விட்டால் வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாயும், கண்ணால் பார்க்கலாம். மெயின் பட்டையின் கண் உடைந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆக்ஸில் இடம் நகர்ந்துவிடும், அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. பழைய மாதிரிப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசும். அந்த உரசலே பாதி ஷாக் வேலையைச் செய்யும். ஆனால் நம் மழையும் பனியும் இடுக்கில் இறங்கித் துருவாகி, பட்டைகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். பாரபோலிக் பட்டை நடுவில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். எண்ணிக்கை குறைவு, உரசல் குறைவு, ஓட்டமும் மெத்தென்று இருக்கும். ஆனால் இருப்பதே இரண்டு மூன்றுதான் என்பதால் ஒன்று போனால் மிச்சத்தின் மேல் பெரிய பாரம் விழும்.

இந்த அமைப்பின் குறை காலி வண்டியில் தெரியும். மேலே ஏறும்போது குழிக்குக் குழி முன்பக்கம் தூக்கிப் போடும், ஸ்டியரிங் கையை உதறும். முதுகுவலி உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டபுள் விஷ்போன் ஓட்டுவதற்கு அருமை. வளைவில் ஸ்டியரிங் சொன்னதைக் கேட்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறுசக்கரத்துக்குத் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு இரண்டு பால் ஜாயிண்ட் (கையையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு), நாலைந்து புஷ் என்று ரப்பரும் மூட்டும் அதிகம். காயில் கீழ்க்கையில் உட்காருகிற வண்டிகளில் பாரம் முழுக்கக் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகப் போகிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே போய் அரைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் முதல் வண்டி இந்த வகை. முன்னால் "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் நுனி மூட்டு) மாற்றிக் கொடுத்தார்கள், சத்தம் குறைந்தது. கீழ் பால் ஜாயிண்ட்டை யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் அன்று தெரியாது. இரண்டு வாரம் கழித்து முழு கேரட் லோடோடு இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட இடது சக்கரத்தைத் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறக்கினேன். சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிட்டது. நடக்கிற வேகம்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே மூட்டு இரண்டு வளைவுக்கு முன்னால் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது நினைப்பேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஆகவே லோடோடு இறங்குகிற நாம்தான் விளிம்பில் ஒதுங்குவோம். அந்தத் தார் விளிம்பு முன் சக்கரத்துக்கு விழுகிற பெரிய அடி.

மெக்பர்சன் லேசான அமைப்பு, உதிரிபாகம் குறைவு. பக்கவாட்டு இழுப்பையும் அந்தத் தூணே தாங்குவதால் அதிக லோடில் ஸ்ட்ரட்டின் சீல் கசியும், அதை மேலே பாடியோடு பிடித்திருக்கும் மவுண்ட் தேயும். பால், பிரெட், மளிகை போடுபவர்களுக்குப் போதும். எஸ்டேட் மண் ரோட்டில் தினமும் இலை ஏற்றுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் முடிவு இது. தினமும் ஒரு டன்னுக்கு மேல் இறக்கினால் முன்பக்கப் பட்டை. அரை டன் லோடு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவை என்றால் டபுள் விஷ்போன், ஆனால் அடுத்த படியில் சொல்வதைத் தவறாமல் செய்ய வேண்டும். டொயோட்டாவே ஹைலக்ஸுக்குத் தனித்தனிச் சக்கர அமைப்பைக் கொடுத்துவிட்டு, 1984இல் வந்த லேண்ட் க்ரூஸர் 70 வரிசைக்கு இன்றும் முன்னால் முழுத் தண்டைத்தான் வைத்திருக்கிறது. பட்டையை மட்டும் 1999இல் காயிலாக மாற்றினார்கள். வேலைக்கு ஏற்றபடி இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

படி 3: ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் அமைப்புக்கு அமைப்பு மாறும். முழுத் தண்டு என்றால் ஆக்ஸிலுக்கு அடியில். காயில் கீழ்க்கையில் உட்காரும் டபுள் விஷ்போன் என்றால் கீழ்க்கைக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக. சேசிஸில் ஜாக்கி போட்டால் ஸ்பிரிங் கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் வெளியே தெரியாது. டார்ஷன் பார் கீழ்க்கையில் மாட்டியிருந்தாலும் இதே விதிதான். மெக்பர்சன் என்றால் சேசிஸில் போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடவே கூடாது.

சக்கரம் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பட்டும். கடிகாரத்தில் 12ம் 6ம் இருக்கும் இடங்களைப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். அடுத்து 9ம் 3ம் இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் டை ராட் எண்ட். கடைசியாக டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். கூட இருப்பவர் பால் ஜாயிண்ட்டின் மேல் விரல் வைத்திருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியாமல் போன சோதனை இதுதான்.

பட்டை வண்டியில் இன்னொன்று. பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டை ஒட்டிய இடத்திலும் பட்டைக் கண்ணைச் சுற்றியும் துருக்கோடு மாதிரி ஒரு கீற்று தெரிகிறதா பாருங்கள். அது விரிசலாக இருக்கலாம். வண்டியை இறக்கி, சக்கரத்தை நேராக வைத்து, முன் ஹப்பின், அதாவது சக்கரக் குடத்தின், நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை கயிற்றால் அளந்து, அதே கயிற்றை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். நீளம் மாறினால் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம்.

டயரையும் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரம் நிமிர்ந்து நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது அல்லது ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் போயிருக்கும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

முடிந்தால் லோடோடு, கொஞ்சம் இறக்கத்தில். பிரேக்கில் "டக்" என்றால் கீழ்க்கைப் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். சின்னக் குழிகளில் "கடகட" என்றால் ஷாக்கின் புஷ்ஷாக இருக்கும். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பி நேராகாமல் நின்றால் கிங் பின் காய்ந்து இறுகியிருக்கலாம். 36 கொண்டை ஊசி உள்ள கல்லட்டி மலைப்பாதையில் அப்படிப்பட்ட வண்டியோடு இறங்கினால் தோள்பட்டை சொல்லும்.

படி 5: வாங்கிய பிறகு

கிங் பின்னுக்கும் சாக்கிளுக்கும் கிரீஸ் நிப்பிள் இருந்தால், சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிரீஸ் அடியுங்கள். எடை உட்கார்ந்திருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசல் அடித்துக் கொடுப்பது ஒரு வழக்கம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ் டீசலில் ஊறி உப்பி, மெத்தென்றாகிவிடும். டார்ஷன் பார் வண்டியில் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கினால் பார்க்க உயரமாக இருக்கும், ஆனால் லோடு தாங்கும் சக்தி கூடாது. பால் ஜாயிண்ட் கோணலாகி வேகமாகத் தேயும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் படி 3ஐ ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள். ரோடு அரித்துக் குழியாகும் மாதங்கள் அவை. பட்டையைக் கழற்றி மாட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டை உட்கார்ந்ததும் போல்ட் தளரும். பால் ஜாயிண்ட்டோ டை ராட் எண்ட்டோ மாற்றினால் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள். அந்த நாளில் மண்டியில் லோடு இறக்கியதும், காலி வண்டியாக மேட்டுப்பாளையத்திலேயே அதை முடித்துவிட்டு மலை ஏறுங்கள்.