உப்புக்காற்றில் ஒரு பென்டிரைவ் போதாது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். போட்டுக்காரர்களின் முன்பணம், ஐஸ், டீசல் எல்லாம் எக்செலில்தான். மூன்று வருடம் ஒரே பென்டிரைவில் நகல் எடுத்து மேசை டிராயரில் போட்டுவந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பென்டிரைவை எடுத்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. பன்னிரண்டு போட்டுகளின் முன்பணத்தை அவரவர் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் மறுபடி எழுதினேன். ஒருத்தர் கடனும் கூடவில்லை, குறைந்தே வந்தது!

இப்போது ஃப்ரீஃபைல்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளை வைத்திருக்கிறேன், இலவசம். இடப்பக்கம் கணக்கு ஃபோல்டரையும் வலப்பக்கம் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபோல்டரையும் காட்டுங்கள். 'கம்பேர்' அழுத்தினால் எது மாறியிருக்கிறதென்று தெரியும். உடனே 'சிங்க்ரனைஸ்' அழுத்திவிடாதீர்கள். முதலில் பச்சைப் பல்சக்கரத்தைத் திறந்து பாருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'மிரர்' வைத்தால் நீங்கள் கைதவறி அழித்ததை அதுவும் நகலிலிருந்து அழித்துவிடும். 'அப்டேட்' வையுங்கள், புதியதும் மாறியதும் மட்டும் போகும். அங்கேயே 'வெர்ஷனிங்' என்பதைத் தேர்ந்து தனி ஃபோல்டர் ஒன்றைக் கொடுத்து, பெயரிடும் முறையில் 'டைம் ஸ்டாம்ப்' வைத்துவிட்டால், மேலெழுதப்படும் பழைய கோப்பு தேதி, நேரத்தோடு அதில் ஒதுங்கிக்கொள்ளும். போன வாரம் யாரோ அழித்த வரி இன்றைக்குத்தான் கண்ணில் பட்டாலும் எடுத்துவிடலாம்.

எக்செலை மூடிய பிறகே ஓட்டுங்கள். முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று கடையில், இறுக்கமான டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. மற்றது பரமக்குடியில் மச்சான் வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான், இரண்டையும் ஒரே கரையில் வைக்க மனசு வரவில்லை.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அதற்குள்ளேதான். டூப்ளிகாட்டி மென்பொருள் கோப்புகளைப் பூட்டி அங்கே அனுப்பும். கடவுச்சொல் மறந்தால் திறக்க வழியில்லை. எழுதி பீரோவில் வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடையில் ஈ ஓட்டும் நாட்கள். அப்போது டிஸ்கிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, நாலைந்து போட்டுகளின் கணக்கைச் சிட்டையோடு ஒப்பிடுவேன். போன வருடம் ஒரு கோப்பு திறக்கவே இல்லை. வெர்ஷனிங் ஃபோல்டரில் முந்தின நாள் பிரதி இருந்தது. ஒரு நாள் வரவை மட்டும் சிட்டையைப் பார்த்து ஏற்றினேன்.