பழைய காரில் சேஸி அடிவாங்கினால்: செலவை ஏற்றிவிடும் தவறுகள்

முதல் எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வேலையை ஆரம்பிக்கச் சொல்வதுதான் முதல் தவறு. பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டரைக் கழற்றாமல் உள்ளே ஏப்ரனும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகடு) லாங் மெம்பரும் (முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் சட்டம்) எவ்வளவு மடங்கியிருக்கின்றன என்று எந்த டிங்கராலும் சொல்ல முடியாது. கழற்றி, சஸ்பென்ஷனின் மேல்முனை மாட்டப்படும் இரண்டு ஸ்ட்ரட் டவர்களிலிருந்தும் எதிர் மூலைக்குக் குறுக்களவு பிடித்து, கம்பெனி அளவோடு ஒப்பிட்ட பிறகு எழுதுவதுதான் உண்மையான கணக்கு. பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெஞ்சில் (வண்டியைப் பூட்டி இழுக்கும் மேடை) ஏற்றி இழுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, கேஸ் வைத்துக் காய்ச்சித் தட்டும் மலிவு வேலை. பொலேரோவுக்குப் பாடிக்கு அடியில் தனிச் சேஸி, அதாவது தாங்கும் சட்டம், உண்டு. ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் பாடிதான் சேஸி. அதிலுள்ள உயர்பலத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சினால் பலம் போய்விடும். பெயின்ட் அதை அழகாக மறைத்துவிடும்! லேசான வளைவை இழுத்து நிமிர்த்தலாம். கசங்கி மடிந்த துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும். சுற்றிலும் துரு அரித்திருந்தால் வெல்டிங் பிடிக்காது, நல்ல தகடு வரும்வரை வெட்டிக்கொண்டே போக நேரும். பழைய வண்டியில் கூலி எகிறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்சூரன்ஸ் முழுசாகத் தரும் என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் 5 முதல் 10 வயது வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40%, 10 வயதைத் தாண்டினால் 50%, பிளாஸ்டிக், ரப்பருக்கு எந்த வயதிலும் 50% கழிப்பார்கள். 8 வயதுக் காருக்கு 10,000 ரூபாய் ஏப்ரன் போட்டால் 4,000 உங்கள் கையிலிருந்து.

பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியை (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) குறைத்து வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்குத் தராமல் ஐடிவியை வைத்தே கணக்கை முடிப்பார்கள். 2 லட்சம் ஐடிவிக்கு 1.5 லட்சம்தான் எல்லை. கழற்றிய பின் புதிதாகத் தெரிந்த சேதத்தை இன்சூரன்ஸுக்காக மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் முன்பே வெட்டிவிட்டால், அந்தத் தொகையைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

வண்டியை எடுக்கும்போது வீல் அலைன்மென்ட் பிரின்ட் கேளுங்கள். டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பச்சையில், அதாவது எல்லைக்குள், இருந்தால் போதாது. இடது, வலது கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் டவர் இன்னும் நகர்ந்தே இருக்கலாம். ஸ்ட்ரட் போல்ட் துளையை ராவி அதைச் சரிக்கட்டியிருக்கிறார்களா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.