சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள் தங்களுக்கான கிறிஸ்தவச் சபையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஊரில் இருந்தவரை ஒரு ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போன பிள்ளைகள், வேலைக்கோ படிப்புக்கோ சென்னை வந்த கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் நம்பிக்கை குறைந்ததால் இல்லை. போன இடத்தில் பெரிய கூட்டம், யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காகவும், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காமல் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாசலில் கிடைக்கும் வரவேற்பை வைத்து ஒரு சபையை முடிவு செய்யாதீர்கள். வார நாளில் உங்களை யாராவது தேடுகிறார்களா என்று பாருங்கள்.

முதல் படி: எந்த வகைச் சபை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கத்தோலிக்கர் என்றால் வேலை சுலபம். பங்கு என்பது ஒரு கோவிலின் கீழ் வரும் பகுதி. நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கில் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு, அதன் குருவான பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தால் போதும். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோவிலுக்கும் சாந்தோம் பேராலயத்துக்கும் தாராளமாகப் போங்கள், ஆனால் அங்கே எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து போவதால் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள யாருக்கும் நேரம் இருக்காது. பழக்கம் ஏற்பட வேண்டும் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்குதான் சரி.

சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானதுதான் சி.எஸ்.ஐ., அதனால் பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் ஒரு கோவிலின் பழக்கம் இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் ஆராதனை முறைமையைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிப்பார்கள், இன்னொன்றில் கீர்த்தனையும் கைத்தட்டலுமாக இருக்கும். ஒரு கோவில் பிடிக்கவில்லை என்பதற்காக மொத்தத்தையும் தள்ளிவிடாமல் அடுத்ததையும் போய்ப் பாருங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பாட்டும் சத்தமான ஜெபமும் நேரம் போவதே தெரியாமல் நீளும். பல இடங்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்கார வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சிலவற்றில் நகை போட மாட்டார்கள். போகும்முன் அந்தச் சபைக்குப் போகும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் சங்கடம் இருக்காது. லுத்தரன், இரட்சணிய சேனை, சனிக்கிழமை ஆராதிக்கும் அட்வென்டிஸ்ட் சபை என்று இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது: தூரம்

ஒரே பஸ்ஸில் போக முடிகிற இடமாகப் பாருங்கள். எவ்வளவு நல்ல சபையாக இருந்தாலும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் மழைக்காலத்தில் நின்றுவிடும். ஆராதனை நேரத்தைப் போன் செய்து கேளுங்கள், போட்டிருக்கும் நேரம் பல சமயம் பழையதாக இருக்கும்.

மூன்றாவது: முதல் ஞாயிறு

கொஞ்சம் முன்னதாகவே போய் நடுவில் உட்காருங்கள். கடைசி வரிசையில் இருந்தால் எல்லோருக்கும் முன்னால் நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள். புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சில சபைகளில் சொல்வார்கள், கூச்சமாக இருந்தால் நிற்க வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காணிக்கைப் பை வரும்போது போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. கத்தோலிக்க ஆராதனையான திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்குவது கத்தோலிக்கர்களுக்கு மட்டும், மற்றவர்கள் இடத்திலேயே இருக்கலாம். சி.எஸ்.ஐ.யில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் சந்தேகம் இருந்தால் ஆயரிடம் (அந்தக் கோவிலின் போதகர்) முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். பத்து நிமிடம் வெளியே மரத்தடியில் நில்லுங்கள். ஆயரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும், அவரை விட்டுவிட்டு, பாடகர் குழுவில் இருப்பவரையோ ஞாயிறு பள்ளி நடத்தும் அக்காவையோ பிடித்து, "நான் ஊருக்குப் புதுசு, வாலிபர் கூட்டம் எப்போது நடக்கும்?" என்று கேளுங்கள். நல்ல சபை என்றால் அவர் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர மாட்டார், இன்னொருவரைக் கூப்பிட்டு உங்களை அவரிடம் ஒப்படைப்பார்.

நான்காவது: வார நாள்

உண்மையான சபை இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று உண்டு, பக்கத்துத் தெருக்களில் இருக்கும் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபித்து, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். சி.எஸ்.ஐ.யிலும் மற்ற சபைகளிலும் வீட்டு ஜெபக்கூட்டம், வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கும். பெரிய கோவிலில் நானூறு பேருக்கு நடுவில் தனியாக இருப்பவர், ஒரு சின்ன ஹாலில் பன்னிரண்டு பேருக்கு நடுவில் தனியாக இருக்க முடியாது. ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு அடுத்ததற்குப் போகாமல் இருந்து பாருங்கள், "ஏன் வரலை, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு போன் வருகிறதா? வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது: கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

"எந்த ஊர்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம், அதில் தப்பில்லை. அந்த ஊரில் எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம், அப்பா பெயர் என்ன என்று கேள்வி இறங்கிக்கொண்டே போய், பதிலைக் கேட்டதும் முகம் மாறினால் அது சாதி விசாரணை. சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார், தஞ்சாவூரிலும் இதே சென்னையின் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறையில்கூடத் தனித்தனி இடம். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்கிற இடத்தில் இதைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள், கோவிலைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ந்த உடனேயே சம்பளம் எவ்வளவு, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) எப்போது என்று கேட்டாலும், மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொன்னாலும், எங்களை விட்டுப் போனால் சாபம் வரும் என்று பயமுறுத்தினாலும் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். தனியாக இருக்கும் பெண்கள், ஜெபம் செய்கிறேன் என்று யாராவது தனி அறைக்குக் கூப்பிட்டால் போக வேண்டாம், எல்லோருக்கும் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு போதகரின் பிரசங்கத்துக்காக மட்டும் சபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சி.எஸ்.ஐ. ஆயர்களும் பங்குத்தந்தைகளும் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், கூட இருக்கப்போவது சபை மக்கள்தான்.

கடைசியாக: பெயரைப் பதிவு செய்யுங்கள்

இரண்டு மூன்று மாதம் போய்வந்து மனசு ஒட்டிவிட்டது என்றால் ஊர்க் கோவிலில் ஞானஸ்நானச் சான்றிதழும் மாற்றுக் கடிதமும் வாங்கிவந்து இங்கே கொடுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கு இந்த அவசரம் எதுவும் கிடையாது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் சும்மா வந்து உட்காரலாம், நல்ல சபை அதற்கு நெருக்கடி கொடுக்காது. மற்றவர்கள் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்குக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், அந்த நேரத்தில் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் ஊருக்கும் சென்னைக்கும் அலைவது பெரிய சிரமம்.