யாருடைய இரத்தம்? சுண்டெலி நஞ்சுக்கொடியைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவர்களில் பலர் வீட்டில் கறவை மாடு உண்டு. கன்று போட்டபின் கொடி விழும்வரை காவல் இருந்து, அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்ட பிள்ளைகள். போன வருடம் ஒரு மாணவி சுண்டெலியின் நஞ்சுக்கொடி என்று தலைப்பிட்டு, பொத்தான் பொத்தானாக ஒரு படம் வரைந்து வந்தாள். "மாட்டுக்கு இப்படித்தானுங்க மேடம் இருக்கும்" என்றாள்.

மாட்டுக்குச் சரி கண்ணு. சுண்டெலிக்கு ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வட்டத் தட்டுதான். மாட்டில் தாயின் இரத்தத்துக்கும் கொடிக்கும் நடுவே கருப்பைத் திசு நிற்கும். சுண்டெலியில், மனிதரைப் போலவே, தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிச் செல்களைத் தொட்டுக்கொண்டே ஓடும். அச்செல்கள் சுரப்பது நேராகத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது.

இதை விட்டுவிட்டால் அடுத்த தவறு வரும், அதுதான் பெரியது. நஞ்சுக்கொடியும் இரத்த அணுவும் என்றதும் இரண்டு கதைகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒன்று கருவின் இரத்தம்: சுமார் 10 முதல் 12 நாள் கருவில் இரத்த மூலச் செல்கள் (எல்லா இரத்த அணுக்களும் பிறக்கும் தாய்ச் செல்கள்) நஞ்சுக்கொடியிலேயே பெருகுவதை 2005-இல் காட்டினார்கள். மற்றது தாயின் இரத்தம்: நஞ்சுக்கொடியின் ராட்சதச் செல்கள் சுரக்கும் 'புரோலாக்டின் போன்ற புரதம் இ', தாயின் மெகாகாரியோசைட்டுகளை முதிரவைக்கிறது. அவைதான் பிளேட்லெட்டுகளை உதிர்க்கும் செல்கள். 1999-இல் லின், லின்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை வெளியிட்டார்கள். பெயரில் புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இருக்கிறதே என்று, அதைப் பிடித்துக்கொள்ளும் செல் புரதமான புரோலாக்டின் ஏற்பியைப் படத்தில் போட்டுவிடாதீர்கள், இதன் வழி வேறு. ஆகவே எழுத உட்காரும்போதே "யாருடைய இரத்தம்?" என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். இணைசேர்ந்ததன் அடையாளம் தெரியும் காலையைச் சிலர் 0.5 என்பார்கள், சிலர் 1 என்பார்கள். 19, 20 நாளே சுமக்கும் உயிருக்கு அரை நாளும் பெரிசு. 10, 11-ஆம் நாள் வாக்கில் நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்ற, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனில் முதல் வகை வற்றி இரண்டாவது ஏறுகிறது. எந்தக் கணக்கு என்று எழுதாவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்வோம். "எலி" என்று மொட்டையாக எழுதுவதும் இப்படித்தான். பெரிய எலிக்குக் கர்ப்ப காலமே 21, 22 நாள்.

அப்புறம், சினைச் சுண்டெலியின் சிவப்பணு அளவு குறைந்திருந்தால் உற்பத்தி நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தயிரில் தண்ணீர் விட்டு மோராக்கினால் தயிர் குறைந்தா போகிறது? இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுவதால் ஒரு சொட்டில் அணுக்கள் குறைவாகத் தெரியும். அதே நேரத்தில் மண்ணீரல் மும்முரமாகச் சிவப்பணு செய்துகொண்டிருக்கும். மண்ணீரலையும் எடுத்துப் பாருங்கள்.

பாடம் முடிந்து அதே மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்காவுக்கு ஏழாம் மாசம், பிளேட்லெட் கம்மிங்கறாங்க. இந்த ஹார்மோன் குறைவாலயாங்க மேடம்?" சுண்டெலிக்குப் புரோலாக்டின் குடும்பத்தில் இருபதுக்கும் மேல் மரபணுக்கள். மனிதருக்கு ஒன்றே ஒன்று. நம் நஞ்சுக்கொடி லாக்டோஜன்கூட வளர்ச்சி ஹார்மோன் வழியில் வந்தது. அக்காவின் உடம்பில் அந்தச் சுண்டெலி ஹார்மோனே கிடையாது என்று சொல்லி, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொன்னேன்.